முழுசாப் போயிருச்சு

தங்கச்சிமடத்தில் ஐஸ் சுமந்து பிழைக்கிற வேதநாயகத்துக்கு இடது இடுப்பில் ஒரு வலி இருந்தது. தோளில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் நீளக்கட்டியான ஐஸ் பாரை ஏற்றி, லாரிக்கும் படகுக்குமாக நடந்த நடையில் அது எப்போது வந்து ஏறிக்கொண்டது என்று அவனுக்கே தெரியாது. பங்காளி மாதிரி கூடவே இருந்தது. காலையில் முணுமுணுக்கும். வேலை சூடேறினால் வாயை மூடிக்கொள்ளும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினால், பகலெல்லாம் பேசாததைச் சேர்த்து வைத்துப் பேசும்.

"ஊர்ல எல்லாரும் சத்து மாத்திரை சாப்பிடுறாக. நீங்களும் ஒண்ணு வாங்கிச் சாப்பிட்டா என்ன?" என்றாள் அவன் மனைவி பிரெசில்லா.

வேதநாயகம் மருந்துக்கடைக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் டப்பாக்கள் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்து நின்றன.

"சத்து மாத்திரை ஒண்ணு வேணும்."

"எந்தச் சத்து?"

"உடம்புக்குத்தான்."

"உடம்புக்குத்தான்யா எல்லாமும். எலும்புக்கா, நரம்புக்கா? சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா? ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தன் மேலிருந்து வரும் மீன் கவிச்சு அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. "பொறவு வாரேன்" என்று இறங்கிவிட்டான். ஒரு சத்தைத் தேர்ந்தெடுக்கக்கூடத் தனக்குச் சத்தில்லையே என்று வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தோடு நடந்தவனைத்தான் பூங்கோதை மேடம் பிடித்தாள். ஒரு காலத்தில் தையல் வகுப்பு நடத்தியவள். இப்போது செல்போன் கடை மாடியில் 'பரிபூரணம் நல்வாழ்வு இயக்கம்' நடத்துகிறாள். இயக்கத்தில் சேர்ந்ததும் எல்லாரும் சிப்பி. சிப்பி ஆள் பிடித்தால் முத்து. முத்து இன்னும் பிடித்தால் பவளம். அதற்கு மேலே வைரம். பூங்கோதை பவளம். மருந்துக்கடையில் நடந்ததை அவன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, சத்தை நாம தேர்ந்தெடுக்கக் கூடாது. அது பாவம். கருவி தேர்ந்தெடுக்கும். ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேதநாயகம் மறுபடியும் சோப்புப் போட்டுக் குளித்து, பவுடர் அப்பிக்கொண்டு மாடிப்படி ஏறினான். உள்ளே ஏசி. ஐஸோடு புழங்குகிற அவனுக்கே குளிர்ந்தது. வாசலில் நின்ற ஒருவர் கையைப் பிடித்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஏதோ இருக்கேன்" என்றான் வேதநாயகம்.

அவர் முகம் விழுந்துவிட்டது. இங்கே அப்படிச் சொல்லக் கூடாதாம். 'அற்புதம், அற்புதம், மகா அற்புதம்' என்று மூன்று தடவை சொல்லி ஒரு தடவை குதிக்க வேண்டுமாம். வேதநாயகம் அற்புதம் மூன்றையும் சொல்லிவிட்டான். குதிக்கும்போதுதான் இடுப்பில் 'சுருக்'கென்றது.

நோய் என்ற வார்த்தையும் அங்கே ஆகாது. நோய்க்கு அங்கே பெயர் 'வாய்ப்பு'. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் தனக்கு மூட்டில் ஒரு வாய்ப்பும் மூலத்தில் ஒரு வாய்ப்பும் இருப்பதாகப் பெருமையோடு சொன்னாள்.

கருவி ஒரு பித்தளைக் குச்சி. அதிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. வேதநாயகம் குச்சியைப் பிடித்தான். கம்ப்யூட்டர் பேசாமல் இருந்தது. உப்பும் ஐஸும் காய்க்கவைத்த அவன் கையைத் தாண்டி அதனால் உள்ளே போக முடியவில்லை. பூங்கோதை அவன் உள்ளங்கையில் தண்ணீரைத் தெளித்து, தேய்த்து, ஜெபம் பண்ணுகிற மாதிரி கண்ணை மூடினாள். கருவிக்கு உயிர் வந்தது.

"ஈரல்ல வாய்ப்பு. மூளையில பெரிய வாய்ப்பு. எலும்புல சுண்ணாம்பே இல்ல. கர்ப்பப்பை பலவீனம்."

"எனக்கா?" என்றான் வேதநாயகம்.

அவனுக்கு முன்னால் குச்சியைப் பிடித்தவள் ஒரு பெண்பிள்ளை. கம்ப்யூட்டரில் அவள் விவரத்தை மாற்ற மறந்துவிட்டார்கள் போல. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை ஒரு கண்ணிமைப்புக்கூடத் தயங்கவில்லை.

"கருவி பொய் சொல்லாது. அது உங்க அம்மாவோட கர்ப்பப்பை. அங்கன இருந்துதான உங்க பலவீனம் ஆரம்பிச்சிருக்கு. அவ்வளவு ஆழத்துக்குப் போயிப் பாக்குது!"

கைதட்டல் எழுந்தது. செத்துப்போன தாயின் கர்ப்பப்பைக்குக் கைதட்டுகிறார்களே என்று வேதநாயகத்துக்கு முகம் சுண்டியது. ஆனாலும் அவனும் தட்டினான்.

கருவி அவனுக்கென்று தேர்ந்தெடுத்த டப்பாக்களை மேசையில் அடுக்கினார்கள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, அந்த இரண்டையும் செரிக்கவைக்க ஒன்று. தங்க நிறத்தில் கண்ணாடிக் குண்டு மாதிரி இருந்ததை எடுத்துக் காட்டி, "இது மீன் எண்ணெய்" என்றாள் பூங்கோதை.

"மீன்தான் தெனமும் திங்கிறமே, மேடம்."

"நீங்க திங்கிறது வெறும் மீனு. இது வெளிநாட்டுல ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த மீனு. உங்க சாளை மீனுக்கு என்னண்ணே தெரியும்? அதுபாட்டுக்குக் கடல்ல திரியுது, அதுபாட்டுக்கு வலையில விழுது. ஒரு ஒழுங்கு இருக்கா? ஒரு சான்றிதழ் இருக்கா?"

சான்றிதழ் இல்லாத மீனை இத்தனை காலம் தின்றதற்காக வேதநாயகம் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்கு வந்து விழுங்கியதும் சாளை வாசத்தில் ஏப்பம் வந்தது. "இந்த ஏப்பம் நம்ம கொழம்புலயே வருமே, இதுக்கா மாடி ஏறிப் போனீக?" என்றாள் பிரெசில்லா.

விடாமல் சாப்பிட்டான். வலி பழையபடியே இருந்தது. மாதக் கடைசியில் இயக்கத்தின் 'நன்றித் திருநாள்' வந்தது. புதுச் சிப்பிகள் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்றாள் பூங்கோதை.

சாட்சி என்ற சொல் வேதநாயகத்துக்குச் சாதாரணமில்லை. அவர்கள் சந்தியாகப்பர் கோயிலில் தியானக் கூட்டம் நடக்கும்போது சாட்சி சொல்வது உண்டு. சபை முன்னால் சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டினது மாதிரி. ஐஸ் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த ஒருவன், குடியை விட்டுவிட்டேன் என்று ஒரு வேகத்தில் சாட்சி சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவன் குடிக்க வேண்டுமென்றால் பாலம் தாண்டி மண்டபம் ஊருக்கு பஸ் ஏறிப் போவான். ஊருக்குள் கடைசிவரை சாட்சியைக் காப்பாற்றினான். சாட்சியைத் திரும்ப எடுப்பதற்கும் முறை உண்டு. எந்த இடத்தில், எந்தச் சபை முன்னால் சொன்னதோ, அங்கேயே ஏறி நின்று எடுக்க வேண்டும். வீட்டு மூலையில் முணுமுணுத்தால் செல்லாது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வேதநாயகம், "இடுப்பு வலி இருந்துச்சு. இப்பப் பரவாயில்ல" என்றான்.

அதுவே பாதி பொய். ஆனால் சபை அசையவில்லை. பூங்கோதை பக்கத்தில் வந்து, சிரித்த முகம் மாறாமல், "பரவாயில்லன்னு சொன்னா பொருளுக்கு அவமானம்ணே. முழுசாப் போயிருச்சுன்னு சொல்லுங்க. சொன்னா நடக்கும். மொதல்ல வாய், பொறவு உடம்பு" என்று காதில் ஊதினாள்.

அத்தனை முகங்களும் அவனையே பார்த்தன. அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவன் வாயை இப்படிப் பார்த்ததில்லை.

"முழுசாப் போயிருச்சு" என்றான்.

கூரை அதிரக் கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். கீழே கூட்டிப்போய் ஒரு ஐஸ் பாரைக் கொண்டுவரச் சொல்லி, தலைக்கு மேலே தூக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இரண்டே நாளில் பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்கு பேனர் தொங்கியது. 'அன்று வலி! இன்று வலிமை!' அதில் வேதநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். வலியில் கடித்த பல் படத்தில் சிரிப்பாக விழுந்திருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு நொண்ட உரிமை இல்லாமல் போயிற்று.

முன்பெல்லாம் வலித்தால் காலைச் சாய்த்து நடப்பான், இரண்டு நடைக்கு ஒரு தடவை உட்காருவான். இப்போது பேனர் ஆள் எப்படி உட்கார முடியும்? கூட வேலை பார்க்கிற பென்னிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"ஏலே, வலிமை வந்துட்டாரு, வழி விடுங்கடா! அண்ணே, அந்தக் கடைசி படகுக்கும் நீங்களே போட்டுருங்க. எங்களுக்கெல்லாம் இன்னும் வாய்ப்பு இருக்குதுல்ல."

வேதநாயகம் நிமிர்ந்து நடந்தான். நிமிர நிமிர உயிர் போயிற்று. வலி பொறுக்காதபோது ஐஸ் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷின் ஓடுகிற சத்தத்தில் அம்மா, அம்மா என்று கத்திவிட்டு வெளியே வந்து சிரிப்பான். வீட்டில் ஜன்னலை அடைத்த பிறகுதான் பிரெசில்லா தைலம் தேய்ப்பாள். தைலம் மணக்கக் கூடாதென்று காலையில் சட்டையில் மீன் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போவான். கவிச்சு அடிக்கிறதே என்று வெட்கப்பட்ட அதே மனுசன்தான்.

"இப்படி ஒரு வைத்தியத்தை நான் எங்கயும் பாக்கல. நோயைக் கொணமாக்கல, நோயாளிய ஒளிச்சு வைக்கிது" என்றாள் பிரெசில்லா.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அவன் அக்கா ஜெபமாலை அந்த பேனரைப் பார்த்தாள்.

ஜெபமாலை புருஷன் இல்லாதவள். கருவாடு விற்றுத் தன் சோற்றைத் தானே தின்கிறவள். யார் சொன்னாலும் லேசில் நம்ப மாட்டாள். சாமியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னால் வெளியே வந்து நாலு கேள்வி கேட்பாள். ஆனால் தம்பி சபையில் நின்று பொய் சொல்ல மாட்டான் என்பது அவளுக்குப் பூசையில் சொல்கிற விசுவாசப் பிரமாணம் மாதிரி. அவளே மாடி ஏறிப் போய், சிப்பியாகி, டப்பாக்களோடு வந்தாள். அவளுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. ஆஸ்பத்திரி மாத்திரையும் இதுவும் சேர்ந்து சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, "ஒரே அடுப்படியில ரெண்டு மருமகள விட்டா என்னாகும்க்கா? நாங்க எதையும் நிறுத்தச் சொல்லவே மாட்டோம். அது எங்க கொள்கை. உங்களுக்கா தோணணும்" என்றிருக்கிறாள் பூங்கோதை. ஜெபமாலைக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த மாதம் கருவாட்டுக் களத்தில் ஒரு கெளுத்தி முள் அவள் காலில் ஏறியது. இந்தக் கரையில் முள் ஏறாத கால் எது? பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தாள். புண் ஆறவில்லை. வேதநாயகம் பார்க்கப் போனபோது காலைத் துணியால் சுற்றி வைத்திருந்தாள். துணியை விலக்கினாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அழுகின இறாலின் நாற்றம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்க்கா."

"பூங்கோதை வந்து பாத்துட்டுத்தான்டா போனா. உள்ள இருக்கிற கழிவெல்லாம் கால் வழியா எறங்குதாம். இப்ப நிறுத்துனா மேல ஏறிருமாம்." அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு அவ சொல்லெல்லாம் வேணாம். நீ சொல்லு. ஒனக்கு முழுசாப் போயிருச்சுல்ல?"

அந்த நேரம் அவன் இடுப்பு பற்றி எரிந்துகொண்டிருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் நின்றார்கள். பேனரைப் பார்த்து அவர்களும் டப்பா வாங்கியவர்கள். வேதநாயகம் வாயைத் திறந்தான்.

"ஆமாக்கா" என்றான்.

"அப்ப எனக்கும் போயிரும்" என்று துணியைச் சுற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவன் கஞ்சி குடிக்கவில்லை. சாட்சியை எடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினான். முறைப்படிதான் எடுக்க வேண்டும். அடுத்த நன்றித் திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து வைரமே வருகிறார் என்றார்கள். பெரிய சபை. அங்கே எடுத்தால் ஒரேயடியாக எல்லாருக்கும் எடுத்த மாதிரி.

"ஏன், அக்காகிட்ட இப்பவே போயிச் சொன்னா என்ன? நாக்குத் தேஞ்சா போகும்?" என்றாள் பிரெசில்லா.

"சொன்ன எடத்துலதான் எடுக்கணும். மூலையில எடுத்தா செல்லாது" என்றான். அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெட்கத்துக்கு நியாயம் கிடைக்கிற மாதிரி வேறு எதற்கும் கிடைக்காது.

அந்த ஒரு வாரமும் அக்கா வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனான்.

வைரம் சேதுபதி சார் வந்தார். கோட்டும் சூட்டும், பத்து விரலிலும் மோதிரமும். வழுக்கைத் தலையில் வியர்வை ஓடிக்கொண்டே இருந்தது. ஏசிக்கு நடுவிலும் ஒரு பையன் விசிறிக்கொண்டு நின்றான்.

"நண்பர்களே! நான் பதினோரு வருசமாக இதைச் சாப்பிடுகிறேன். எனக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது டாக்டர்கள் அசந்துபோனார்கள். 'இவ்வளவு ஆரோக்கியமான ஆளுக்கு ஏன் இந்த ஆபரேஷன்?' என்று கேட்டார்கள். சாப்பிடாமல் இருந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள்! ஆபரேஷனே தேவைப்படாமல் நேராகப் போயிருப்பேன்!"

கைதட்டல்.

"நம் பொருளில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன்: நீங்கள் தாய்ப்பால் குடித்தபோது அதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? கேட்காமல் குடித்தீர்கள், வளர்ந்தீர்கள். கேட்கிறவன் வளர மாட்டான்!"

அதற்கும் கைதட்டினார்கள். பிறகு, பேனர் நாயகன் பேசுவார் என்று வேதநாயகத்தைக் கூப்பிட்டார்கள்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான் அன்னைக்குச் சொன்னது பொய். எனக்கு வலி போகல. ஒரு நாளும் போகல. இப்பவும் வலிக்குது. எங்க அக்கா காலு அழுகிக்கிட்டு இருக்கு. யாரும் ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்தாதீக" என்றான்.

பூங்கோதையின் சிரிப்பு ஒரு பக்கம் நழுவியது. சேதுபதி சார் எழுந்தார். நேராக வந்து வேதநாயகத்தைக் கட்டிப்பிடித்தார். பன்னீர் வாசத்துக்குள் அவன் மூச்சு முட்டியது.

"நண்பர்களே! இதைவிடப் பெரிய சாட்சி உண்டா? இவர் வலிக்கிறது என்கிறார். யாருக்கு வலிக்கும்? உயிருள்ள நரம்புக்குத்தான் வலிக்கும்! செத்துக் கிடந்த நரம்பை நம் பொருள் எழுப்பியிருக்கிறது. அது கத்துகிறது. அதைத்தான் இவர் கேட்கிறார். இந்த மனிதரின் நேர்மையைப் பாருங்கள். நம் பொருள் இடுப்பை மட்டுமல்ல, மனச்சாட்சியையும் குணமாக்குகிறது! இன்றுமுதல் இவர் சிப்பியல்ல, முத்து!"

எழுந்து நின்று தட்டினார்கள். முதல் தடவையைவிடச் சத்தம். மறுபடியும் மாலை விழுந்தது. படி இறங்கும்போது மூட்டு வாய்ப்புக்கார அம்மாள் அவன் கையைப் பிடித்து, "எனக்கு இன்னும் அவ்வளவா வலிக்கல தம்பி. ரெண்டு வேளையா சாப்பிடணுமோ?" என்று ஏக்கத்தோடு கேட்டாள்.

வேதநாயகம் மாலையைக் கழற்றிப் படிக்கட்டின் கைப்பிடியில் மாட்டினான். பொய் சொன்னபோது நம்பினார்கள். நிஜத்தைச் சொன்னபோது அதைவிட அதிகமாக நம்பினார்கள். இனி வாயால் எடுக்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தெருவில் இறங்கினான். இடுப்பு வெட்டியிழுத்தது. வழக்கம்போல் நிமிர்ந்தான். பஸ் ஸ்டாப் பேனரில் அவன் ஐஸைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதன் அடியில் நின்று ஒரு மூச்சு விட்டான். பிறகு உடம்பை விட்டுவிட்டான்.

இடது கால் தரையில் இழுத்தது. இடுப்பு ஒரு பக்கம் கவிழ்ந்தது. கை தானாகத் தொடையைத் தாங்கிப் பிடித்தது. பட்டப்பகலில், கடைத்தெரு நடுவே, நொண்டிக்கொண்டு நடந்தான். டீக்கடையில் இருந்த பென்னி, "ஏலே, வலிமை..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி டம்ளரைக் கீழே வைத்தான். சந்தியாகப்பர் கோயில் பக்கத்தில் பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வேதநாயகம் யாரையும் பார்க்கவில்லை. முகம் எரிய எரிய நடந்தான். அக்கா வீட்டுத் தெருவுக்குத் திரும்பினான்.

ஜெபமாலை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. தூரத்தில் ஒருவன் நொண்டி வருவதைப் பார்த்தாள். தம்பி என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்து சேரும்வரை அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகலையாடா?"

அவன் தலையை ஆட்டினான்.

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் போகலக்கா."

அவள் திட்டவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள். "ஆட்டோவைக் கூப்பிடு" என்றாள்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் காலைப் பார்த்தார். "விரலை எடுத்தாகணும். கால் தப்பிச்சுது. போன வாரம் வந்திருந்தா விரலும் தப்பிச்சிருக்கும்" என்றார். பிறகு கோபமாக, "சுகர் மாத்திரைய யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

ஜெபமாலை கூரையைப் பார்த்தாள். "யாரும் சொல்லலய்யா. நானாத்தான் நிறுத்துனேன். எம் புத்தி."

அவள் வாழ்நாளில் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கலாம். சொல்லிவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பாமலே கிடந்தாள். வேதநாயகம் சுவரோரம் நின்றான். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"நான்தான் சார்" என்றான். "எனக்கு வலி போயிருச்சுன்னு மேடையில பொய் சொன்னேன். அத நம்பித்தான் நிறுத்துனாக. போன வாரமே நெசத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லல."

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். வார்டில் மற்ற கட்டில்காரர்களும் பார்த்தார்கள். மருந்து ஊற்றிக்கொண்டிருந்த நர்ஸும் பார்த்தாள்.

யாரும் கைதட்டவில்லை.